ஒன்பது ஞாயிறு

ரெஜினாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்று காலையில்தான் இறங்கியது. டிஸ்பென்சரியில் கொடுத்த கொயினா பாட்டிலைத் தக்கை போடாமல் ஜன்னலில் வைத்துவிட்டாள். அந்தக் கசப்பு நெடி அறை முழுக்க நிற்கிறது. எழுந்து போய் மூடியிருக்கலாம், மூடவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த நெடி வந்தால் நீங்கள் வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கிறது. கூடவே பயமும் வந்துவிடுகிறது.

நான் பயப்படுகிறவள் என்பது உங்களுக்குப் புதிதா என்ன? "பயப்பட ஒண்ணும் இல்லேன்னா, அதுக்கே ஒரு தபா பயப்படுவியே பிலோ" என்று என்னைக் கேலி செய்வீர்கள். பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டால் போதும், நான் மனசுக்குள் சவப்பெட்டிக்காரனுக்கு ஆள் அனுப்பிவிடுவேன். நேற்றுக்கூட பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கைய எடும்மா, உன் கைதான் சுடுது" என்றாள். பதினேழு வயசாகிவிட்டது. வாய் உங்களுடையது.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதில்லை. நீங்கள் பர்மா எல்லையில் பட்டாளத்தில் இருந்தபோது எத்தனையோ எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: சௌக்கியமா? இப்போதும் கேட்க வேண்டியது அதுதான். பதில்தான் வராது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் கப்பல் வரத்து நின்றுபோய் உங்கள் கைக்கு வேலை இல்லை. ராயபுரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ரெஜினாவுக்கு இரண்டு வயசு. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனீர்கள், போட்டோவில் மட்டும் காக்கி உடுப்போடு வீட்டுக்கு வந்தீர்கள். அந்தப் போட்டோவை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். ராத்திரி விளக்கை மூடிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஜப்பான்காரன் ஒவ்வொருத்தனும் நாசமாகப் போகட்டும் என்று ஜெபமாலை சொன்னவள் நான். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நாற்பத்தாறாம் வருஷக் கோடையில் உடுப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். எலும்பும் தோலுமாக, கண்ணில் மஞ்சள் பூத்து. தெருவே நம் வாசலில் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லார் காதிலும் விழட்டும் என்று உரக்கக் கேட்டேன்: "எத்தினி பேர சுட்டீங்க? சொல்லுங்க, அந்தோணியம்மா கேக்கறா." எதிர் வீட்டு அந்தோணியம்மா பாவம், வாயே திறக்கவில்லை. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "சோறு போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. நன்மை வாங்குகிற நேரம், நாவில் நற்கருணை ஏற்க ஆண்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்குப் போகிறார்கள். நான் முக்காட்டுக்குள்ளிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுந்தீர்கள், பக்கத்தில் இருந்தவருக்கு வழிவிட்டீர்கள், பின்னால் போய் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றுவிட்டீர்கள். மறு ஞாயிறும் அப்படியே. அதற்கு மறு ஞாயிறும்.

நம் தெருவில் ஓர் ஆண்பிள்ளை வாராவாரம் பூசைக்கு வந்தும் நன்மை வாங்காமல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெரிய பாவத்தில் இருக்கிறான், அதை விட மனசும் இல்லை. அந்தப் பாவம் என்னவென்று யோசிக்கவும் யாரும் சிரமப்படுவதில்லை. வைப்பாட்டி. எனக்கு அதில் இன்னொரு குத்தலும் இருந்தது. கன்னியர் மடத்தில் நன்மைக்குக் கொடுக்கிற ஓஸ்தி அப்பம் சுடுவது என் வேலை. கோதுமை மாவைக் கரைத்து இரும்பு அச்சில் ஊற்றி வட்டமாக வெட்டி எடுப்பது இந்தக் கை. ஊரெல்லாம் வாங்குகிறது, என் புருஷன் மட்டும் தூணோடு தூணாக நிற்கிறார். வெட்டின ஓரத்துண்டுகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தால் மட்டும் ரெஜினாவோடு போட்டி போட்டுக்கொண்டு தின்பீர்கள். "இது வெறும் மாவுதான்மே" என்பீர்கள்.

கேட்டால் சிரித்து மழுப்பினீர்கள். அழுதால் வெளியே போய்விட்டீர்கள். உபதேசியார் கோயில் வாசலில் என்னை நிறுத்தி, ஊருக்கெல்லாம் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்: "வருசத்துக்கு ஒருதரம் பாஸ்கா திருநாளுக்காவது நன்மை வாங்கி கடன் கழிக்காதவன் செத்தா கோயில் மணி அடிக்கிறது இல்ல. கல்லறையில மந்திரிச்ச மண்ணும் கெடையாது. சொல்லி வையி." அன்றிலிருந்து எனக்கு இரண்டு கவலை. ஒன்று, அவள் யார். இன்னொன்று, நீங்கள் இப்படியே செத்துப்போனால்.

ரெஜினா முதல் தடவையாக நன்மை வாங்கின புதுநன்மை அன்று நான் உடைந்துபோனேன். வெள்ளைக் கவுன், தலையில் துணிப்பூ வளையம், கையில் மெழுகுவத்தி. மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் தாயும் தகப்பனும் மண்டியிட்டார்கள். அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் வெறும் கல்தரை. அவள் திரும்பித் திரும்பித் தூணைப் பார்த்தாள். நீங்கள் அங்கிருந்தே கையை ஆட்டினீர்கள். அந்தக் கையை ஒடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

அன்று மாலையே அந்தோணியம்மா வந்து உட்கார்ந்தாள். "சொல்லக்கூடாதுன்னுதான் பாத்தேன். உன் வூட்டுக்காரர கொருக்குப்பேட்டை ரயில் கேட்டாண்ட என் தம்பி பாத்துகினு இருக்கான். ஞாயித்துக்கெழம சாப்ட்டுட்டு போறாரு, திரும்பி வரச்சொல்ல தல குளிச்சிட்டு வராரு. நான் இன்னாத்த சொல்ல?" அவள் சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் தலை ஈரத்தை ஞாயிறுதோறும் துவட்டிவிட்டவள் நான்தான்.

அடுத்த ஞாயிறு பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வந்தேன். தண்டவாளத்தை ஒட்டி நடந்தீர்கள். கேட்டில் கூட்ஸ் வண்டி போகிறவரை நின்றீர்கள். நான் ஒரு வேகன் மறைவில் நின்றுகொண்டு, அவளைக் கண்டதும் என்ன பேசுவது, முதலில் மயிரைப் பிடிப்பதா செருப்பைக் கழற்றுவதா என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்களோ எந்தச் சந்திலும் திரும்பவில்லை. நேராக மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குள் போனீர்கள்.

கேட்பாரில்லாத பிணங்களைக் கொண்டுவரும் தள்ளுவண்டி ஒன்று வந்திருந்தது. பாயில் சுற்றியிருந்தார்கள். குழி வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் உங்களைக் கண்டு பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து இறக்கினீர்கள். மண்வெட்டியை எடுத்து நீங்கள்தான் மண்ணைத் தள்ளினீர்கள், மெதுவாக, போர்வை போர்த்துகிற மாதிரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததாலேயே கோபம் அதிகமாகி, நேரே வந்து நின்றேன்.

"அவ எங்க?"

"எவ?" என்றீர்கள், கை நிறைய மண்ணோடு.

குழி வெட்டுகிறவர்தான் பதில் சொன்னார்: "இங்க கீறவங்க எல்லாம் செத்தவங்கதாம்மா. யாரத் தேடறே?"

நீங்கள் சிரிக்கவில்லை. என்னை ஒரு மர நிழலுக்குக் கூட்டிப்போனீர்கள். இரண்டு வருஷமாகப் பேசாததை அங்கே பேசினீர்கள்.

"பிலோ, ஒரு ஜப்பான்காரன் ஓடையாண்ட குனிஞ்சிகினு தண்ணி மொண்டுகினு இருந்தான். துப்பாக்கி கூட கரையிலதான் கெடந்துச்சி. அவனுக்கும் என் வயசுதான் இருக்கும். ஆர்டர் ஆச்சு, சுட்டேன். கொவள மெதந்துகினே என்னாண்ட வந்துச்சி. அன்னிக்கே அந்த எடத்த வுட்டுக் கெளம்பிட்டோம். மண்ணு கூட போடல."

பிறகு காய்ச்சலில் பட்டாள ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னீர்கள். அங்கே தமிழ் தெரிந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார், பாளையங்கோட்டைப் பக்கம் பங்குகளில் இருந்தவர், பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பும் கொடுத்துவிட்டார். மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். நீங்கள்தான் விடாமல், ஆதிகாலத்தில் நம் வேதக்காரர்கள் பட்டாளத்தில் இருந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

"அவரு சொன்னாரு, மொதமொதல்ல எல்லாம் பட்டாளத்துக்காரன் ஞானஸ்நானம் கேட்டு வந்தா, மேல இருக்கிறவன் சொன்னாலும் ஆள கொல்ல மாட்டேன்னு ஒத்துக்கணுமாம். அப்பதான் சேத்துக்குவாங்களாம். ஒரு வாலிபன் பட்டாளத்து முத்திரைய கழுத்துல போடவே மாட்டேன்னு நின்னானாம். தலைய வெட்டிட்டாங்க. அப்புறம் ரோமாபுரி ராசாவே வேதத்துக்கு வந்துட்டாரா, எல்லாம் லேசாயிப் போச்சு. சண்டையில கொன்னா கொலை இல்லன்னுட்டாங்க. அப்பவும் ஒரு பெரிய சாமி, மேற்றிராணியார், சொன்னாராம், கொலை இல்லதான், ஆனா கை சுத்தம் இல்ல, மூணு வருசம் நன்மை வாங்காம நின்னா நல்லதுன்னு."

"உங்கள நிக்கச் சொன்னாரா அந்தச் சாமி?"

"இல்ல. எனக்கு ஆறுதலாத்தான் சொன்னாரு. பாரு, உன்ன மாதிரி ஆளுங்களுக்காக அப்பவே யோசிச்சிருக்காங்கன்னு."

"அப்புறம் இன்னாத்துக்கு நிக்கறே நீ?" வாழ்நாளில் உங்களை நீ என்று நான் சொன்னது அன்று ஒரு நாள்தான்.

"மூணு ஜெபமாலையில எனக்கு ஆறலமே" என்றீர்கள்.

வைப்பாட்டி இல்லை என்றதும் எனக்கு வந்த நிம்மதி வீடு போய்ச் சேருகிறவரைக்கூட நீடிக்கவில்லை. அவள் இருந்திருந்தால் சண்டை போட்டுத் துரத்தியிருக்கலாம். ஓடைக்கரையில் கிடந்தவனை எப்படித் துரத்துவது? அந்த மூன்று வருஷக் கணக்கை நீங்கள் உடுப்பைக் கழற்றின நாளிலிருந்து தொடங்கியிருந்தீர்கள். உடுப்போடு இருந்த நாளெல்லாம் சேராது என்று உங்களுக்கு நீங்களே ஒரு சட்டம். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு வருஷத்துக்குள் துறைமுகத்தில் பாரம் தூக்குகிற சங்கிலி ஒன்று அறுந்தால்? அகாலத்தில் துறைமுகச் சங்கு ஊதினால் மாவுக் கையோடு மடத்து வாசலுக்கு ஓடுவேன். உங்களை மந்திரிக்காத மண்ணில், பாயில் சுற்றி இறக்குகிற மாதிரி சொப்பனம் வரும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வேறு சத்தியம் வாங்கிவிட்டீர்கள். அந்தோணியம்மா கேட்டபோது, "ஆமா, ஒருத்தி இருந்தா. துரத்திட்டேன்" என்று பொய் சொன்னேன். என் மானம் தப்பியது. உங்கள் மானத்தை விற்றுத்தான் அது தப்பியது. நீங்கள் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

பங்குச்சாமியாரிடம் மட்டும் உங்கள் அனுமதியோடு சொன்னேன். அவர் உங்களைக் கூப்பிட்டுக் கோபித்தார்: "நற்கருணை மருந்தப்பா. காயம் ஆறட்டும், அப்புறம் மருந்து சாப்பிடறேன்னு சொல்றவன் புத்திசாலியா?" நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள்: "உங்கள எதுத்துப் பேசல சாமி. ஆண்டவர் தனக்காகக்கூட வாள எடுக்க வேணாம்னாரு. நான் தண்ணி மொள்ளுறவன சுட்டவன். கொஞ்ச நாள் வெளிய நிக்கறேன், தொரத்தாதீங்க."

அடுத்த வருஷம், பாஸ்காவுக்கு முந்தின தவசுகாலம் தொடங்கி நான்கு நாளில் பர்மாக் காய்ச்சல் மறுபடியும் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். கொயினா குடித்தீர்கள், காது இரைகிறது என்றீர்கள். இந்தத் தடவை அது தலைக்கு ஏறியது. ஐந்தாம் நாள் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார். நானே கோயிலுக்கு ஓடினேன்.

மத்தியானம் சாமியார் நற்கருணையோடு வந்தார். உபதேசியார் முன்னால் மணி அடித்துக்கொண்டு வர, தெருவே மண்டியிட்டது. மூன்று வருஷமாக வாங்காதவன் இன்றைக்காவது வாங்குகிறானா என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் பெட்டியின் மேல் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை வைத்து, வத்தி ஏற்றியிருந்தேன். உங்களுக்கு அப்போது நல்ல நினைவு இருந்தது. பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள். சாகக் கிடக்கிறவருக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலும் ஆயிற்று. சாமியார் ஓஸ்தியைக் கையில் எடுத்ததும் தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

"இன்னும் ஒம்பது ஞாயிறு கீது சாமி."

"அதுவரைக்கும் இருப்பியாப்பா?"

"தெரியல." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

வாசலில் உபதேசியாரின் மணி நின்றுபோயிருந்தது. நீங்கள் வாங்காமல் போய்விட்டால் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. யோசித்தெல்லாம் பேசவில்லை. உங்கள் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"அந்த ஒம்பது ஞாயிற நான் நிக்கறேன். நீங்க வாங்கிக்கோங்க."

"உன்னால முடியாதுமே. சனம் பேசும்."

"பேசட்டும்."

"நீ யாரையும் சுடலியே பிலோ."

"எத்தினி பேர சுட்டீங்கன்னு கேட்டவ நான்தான்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

"இப்படி ஒரு கணக்கு திருச்சபையில கெடையாதும்மா" என்றார் சாமியார். "நீங்க குடுங்க சாமி" என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு வாயைத் திறந்தீர்கள். அந்த ஓஸ்தி நான் சுட்டதுதான்.

மறுநாள் காலையில் போய்விட்டீர்கள். கோயில் மணி அடித்தார்கள். மந்திரித்த மண்ணில் வைத்தார்கள். நான் மூன்று வருஷமாகப் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஞாயிறு நான் கிராதிக்குப் போகவில்லை. பெண்கள் பக்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாவது ஞாயிறே பேச்சு கிளம்பிவிட்டது. புருஷன் செத்து ஒரு மாசம் ஆகவில்லை, அதற்குள் இவளுக்கு என்ன வந்தது? அந்தோணியம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "யாருடி அவன்?" மடத்தில் மதர் கூப்பிட்டு, என் ஆத்துமம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று மெதுவாக விசாரித்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்று மட்டும் சொன்னேன். ஓஸ்தி வேலையிலிருந்து எடுத்துத் துணி வெளுக்கப் போட்டார்கள். பாஸ்கா அன்றும் உட்கார்ந்தே இருந்தேன். ரெஜினா தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

எல்லாரும் முன்னால் போகிற நேரத்தில் பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளமான நேரம் என்று அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்காக வேண்டிக்கொள்ளத்தான் கண்ணை மூடுவேன். நீங்கள் வரமாட்டீர்கள். அந்த ஓடைக்கரை மனுஷர் வருவார், குவளையோடு. முகம் தெரியாது, குனிந்த முதுகு மட்டும். அவர் வீட்டிலும் ஒருத்தி சௌக்கியமா என்று எழுதி அனுப்பியிருப்பாள். நான் விளக்கை மூடிக்கொண்டு சபித்த ஜப்பான்காரர்களில் அவரும் ஒருவர். நீங்கள் மூன்று வருஷம் தூணில் சாய்ந்துகொண்டு யாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு அந்த ஒன்பது வாரத்தில்தான் புரிந்தது. பத்தாவது ஞாயிறு கிராதிக்குப் போனேன். சாமியார் என் முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டுக் கொடுத்தார். ஊர் வாய் ஓய்ந்தது, வேலையும் திரும்பக் கிடைத்தது.

எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் என்னை விடாத பயம் ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அன்றைக்கு உங்கள் தாடையைத் திருப்பினேனே, அது உங்களுக்காகவா, எனக்காகவா? நீங்கள் உங்கள் கணக்கை முடித்துவிட்டுப் போக ஆசைப்பட்டீர்கள். நான் மணிச்சத்தத்துக்கும் மண்ணுக்கும் பயந்து குறுக்கே வந்தேன். சாகிற நேரத்தில் பெண்டாட்டி அழுகிறாளே என்று வாயைத் திறந்தீர்களா, உங்களுக்கே மனசு ஆறிவிட்டது என்று திறந்தீர்களா? கேட்க நேரம் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. பதிலுக்குப் பயந்து கேட்காமல் இருந்துவிட்டேன்.

ரெஜினா எழுந்துவிட்டாள், கஞ்சி கேட்கிறாள். நெற்றி சில்லென்று இருக்கிறது. ஒன்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன்.

அங்கே அந்தக் குவளைக்காரரை நீங்கள் கண்டிருப்பீர்கள். காணாமல் இருக்க முடியாது. மூன்று வருஷத்தில் ஒன்பது வாரம் குறைகிறதே என்று அவர் கேட்டால், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதீர்கள். அது என் பெண்டாட்டி நின்ற பங்கு என்று சொல்லுங்கள். அது செல்லாது என்றால், அவள் வரட்டும் என்று சொல்லுங்கள். நான் வந்து அவரிடம் பேசிக்கொள்கிறேன்.